மூன்று மணிக்குப் படிக்கிற முதலாளிக்கு

வியாபாரிகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிற செய்திமடல் நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான். பதில் வந்ததா? யாராவது ஒருவர் போனை எடுத்து, எழுத்துப்பிழையோடாவது இரண்டு வரி திருப்பி எழுதினாரா? எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் இணைப்பைத் தட்டினார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். சிங்கப்பூரில் அரிசி, பருப்பு, மசாலா இறக்குமதி செய்து கடைகளுக்கும் உணவகங்களுக்கும் போடுகிற ஒரு நிறுவனத்துக்கும், சிறு வியாபாரிகளின் கணக்கு வழக்கைப் பார்க்கிற ஓர் அலுவலகத்துக்கும் பல வருடங்களாக மடல் எழுதி வருகிறேன். தமிழில், சில சமயம் ஆங்கிலத்தில், பெரும்பாலும் இரண்டிலும். இந்த வேலையைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு, அதனால் எனக்குத் தெரிந்ததை இங்கே கொட்டி வைக்கிறேன்.

திறப்பு விகிதம் என்று எல்லாரும் பிடித்துத் தொங்குகிற எண்ணை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னப் படம் ஒளிந்திருக்கும். வாசகர் மடலைத் திறந்ததும் அந்தப் படம் சர்வரிலிருந்து இறங்கும். இறங்கினால் ஒருவர் திறந்துவிட்டார் என்று கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு வசதியைச் சேர்த்தது. அதை இயக்கி வைத்திருப்பவருக்கு வருகிற மடல்களின் படங்களை, அவர் திறக்கிறாரோ இல்லையோ, ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடும். ஐபோன் வைத்திருக்கிற முதலாளிகள் எத்தனை பேர் என்று இந்த ஊரில் சொல்லவே வேண்டாம், அன்றிலிருந்து அந்த எண் வீங்கிக் கிடக்கிறது. தட்டல் கணக்கும் அப்படித்தான். பல நிறுவனங்களின் மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள், உள்ளே வருகிற மடலில் இருக்கிற இணைப்புகளைத் தானே ஒருமுறை திறந்து பார்த்துவிடும். மடல் போய்ச் சேர்ந்த அதே நொடியில் ஒரே ஆள் எல்லா இணைப்பையும் வரிசையாகத் தட்டியிருக்கிறார் என்று அறிக்கை சொன்னால், அங்கே ஆளே இல்லை. "விடுமுறையில் இருக்கிறேன்" என்று தானாக வருகிற பதில்களைக் கழித்துவிட்டால், மிச்சம் இருக்கிற பதில்கள் எல்லாம் ஒரு மனிதர் நேரம் ஒதுக்கி எழுதியவை. கூட்டத்தில் காட்டுவதற்கு அது சின்ன எண்ணாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பதில் வர வேண்டுமென்றால் யாருக்கு எழுதுகிறோம் என்று முகம் தெரிய வேண்டும். என் மடலைப் படிக்கிறவர் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் உணவகம் வைத்திருப்பவர். விடிகாலையில் காய்கறி வாங்கப் பாசிர் பாஞ்சாங் போயிருப்பார், பதினொன்றரையிலிருந்து இரண்டரை வரை கல்லாவைவிட்டு நகர முடியாது, மூன்று மணிக்குத்தான் ஒரு தே தாரிக்கோடு உட்காருவார். அப்போது போனைப் பார்ப்பார். அந்த ஒரு மணி நேரம்தான் நமக்கு. ஐந்து மணிக்கு மறுபடி அடுப்பு பற்றிக்கொள்ளும். 'செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்புங்கள்' என்று வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்வது மேசை வேலைக்காரர்களுக்குப் பொருந்தலாம். கணக்கு அலுவலகத்தின் மடலை நானும் காலையில்தான் அனுப்புகிறேன், ஏனென்றால் அதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள். ஆனால் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை மடல் அனுப்புவது போலக் காரியக்கேடு வேறு இல்லை. வெளிநாட்டு ஊழியர்கள் விடுமுறையில் வந்து கூடுகிற நாள் அது, கடைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

"இதெல்லாம் எதுக்கு, வாட்ஸ்அப்ல போட்டா போதாதா?" என்று கேட்காத முதலாளியே இல்லை. போதும், சில விஷயங்களுக்கு. இன்று லாரி தாமதம் என்பதை வாட்ஸ்அப்பில்தான் சொல்ல வேண்டும். ஆனால் விலை மாறுகிறது, வரி மாறுகிறது, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இரண்டு மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்க வேண்டும், அதோடு அதை முதலாளி அப்படியே தன் கணக்கருக்கோ மகனுக்கோ தள்ளிவிட முடிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கும் கோயில் அன்னதான அறிவிப்புக்கும் நடுவில் அது எங்கே போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

சரி, ஒரு மடலைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். 2023 ஜூலை 20, வியாழக்கிழமை, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின், அதாவது பச்சரிசியின், ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. அன்று இரவே செய்தி இங்கே வந்துவிட்டது, 'இந்தியா அரிசி ஏற்றுமதிக்குத் தடை' என்று. மறுநாள் காலையில் ஊரில் இருக்கிற எல்லா மொத்த வியாபாரிகளும் மடல் அனுப்பினார்கள். பெரும்பாலும் இந்த மாதிரி: 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களே, உலகளாவிய உணவு விநியோகச் சூழல் தொடர்ந்து மாறி வரும் இவ்வேளையில், எங்கள் நிறுவனம் நிலைமையை உன்னிப்பாகக் கண்காணித்து வருகிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' படித்து முடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. வயிற்றில் புளி மட்டும் கரையும்.

நான் எழுத உட்கார்ந்தபோது ரேஸ் கோர்ஸ் சாலையில் கடை வைத்திருக்கிற ஒருவர் போன் பண்ணினார். "ஏம்மா, காலைலேருந்து மூணு பேர்கிட்டருந்து மெயில் வந்திருச்சு. ஒருத்தரும் விஷயத்தச் சொல்லல. எனக்கு இட்லி அரிசி வருமா, வராதா?"

"வரும்ணே. பச்சரிசிக்குத்தான் தடை. புழுங்கலுக்கு இல்ல."

"அவ்வளவுதானே? அதச் சொல்றதுக்கு என்ன!"

அவர் கேட்டதுதான் எல்லாரும் கேட்கப்போகிற கேள்வி. தலைப்பு வரியாக அதையே போட்டோம்: 'இட்லி அரிசி வரும், பச்சரிசி வராது'. உள்ளே இருந்தது இவ்வளவுதான்:

'இந்தியா நேற்றுத் தடை செய்தது பாஸ்மதி அல்லாத பச்சரிசியை மட்டும். இட்லி அரிசிக்கும் பொன்னி புழுங்கலுக்கும் தடை இல்லை. அவற்றை இந்த மாதக் கடைசி வரை பழைய விலைக்கே தருகிறோம். பச்சரிசி கிடங்கில் இருக்கிறது. வழக்கமாக வாங்குகிறவர்களுக்கு வழக்கமான அளவு கிடைக்கும், கூடுதலாகக் கேட்டால் இப்போதைக்குத் தர முடியாது. அடுத்த சரக்கு பற்றித் திங்கட்கிழமை தெரியும், தெரிந்த அன்றே எழுதுகிறேன். உங்களுக்கு வாரத்துக்கு எத்தனை மூட்டை பச்சரிசி கட்டாயம் வேண்டும் என்று இந்த மடலுக்குப் பதில் போடுங்கள்.'

கீழே அரிசி நிறுவன முதலாளியின் பெயர், கைபேசி எண். பட்டியல் பெரியதே இல்லை, ஆனால் அன்று மாலைக்குள் வந்த பதில்களை வைத்தே யாருக்கு எவ்வளவு என்று பங்கிட முடிந்தது. இதில் எழுத்துத் திறமை ஒன்றும் கிடையாது. முதல் வாக்கியத்தில் நடந்தது, இரண்டாவதில் அவருக்கு என்ன, மூன்றாவதில் எவ்வளவு, எது வரை. தெரியாத ஒன்றும் அதில் இருக்கிறது பாருங்கள், அடுத்த சரக்கு. தெரியவில்லை என்று மழுப்பாமல் எப்போது தெரியும் என்று கிழமையைச் சொன்னோம். திங்கட்கிழமை சொன்னபடி எழுதியாக வேண்டும், செய்தி இல்லாவிட்டாலும் 'இன்னும் செய்தி இல்லை, வியாழக்கிழமை மறுபடி எழுதுகிறேன்' என்று எழுதியாக வேண்டும். சொன்ன கிழமையில் வருகிற மடலுக்கு ஒரு மரியாதை உண்டு, அதை எந்த அலங்காரத்தாலும் வாங்க முடியாது.

ஒரு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி வந்தது. இப்போது எழுதுவது இன்னும் சிரமம், ஏனென்றால் செய்தி கெட்ட செய்தி, விலை ஏறுகிறது. இந்த இடத்தில் பெரும்பாலான நிறுவனங்கள் வரியைக் காரணமாகக் காட்டி விலையை அப்படியே 20 விழுக்காடு ஏற்றப் பார்க்கும். நாங்கள் மடலில் கணக்கைத் திறந்து காட்டினோம்: வரி என்பது இந்தியாவில் சரக்கின் ஏற்றுமதி மதிப்பின் மேல்தான், கப்பல் கூலி, இங்கே கிடங்கு வாடகை, வண்டி, ஆள் கூலி எதற்கும் அந்த வரி கிடையாது, ஆகவே மூட்டை விலை 20 விழுக்காட்டுக்கும் குறைவாகத்தான் ஏற வேண்டும், எங்கள் ஏற்றம் இவ்வளவு. அந்த மடலை எங்களிடம் சரக்கே வாங்காத கடைக்காரர்கள்கூட ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள், தங்கள் சப்ளையரிடம் பேரம் பேச அது உதவியது. முதலாளிக்குக் கொஞ்சம் உறுத்தல். எனக்கு இல்லை. நம்மிடம் எதுவும் வாங்காவிட்டாலும் படித்தவருக்கு ஒரு பிரயோஜனம் இருக்க வேண்டும், அப்படி எழுதினால்தான் அடுத்த மடலைத் திறப்பார். அந்த மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கெனத் தனியாக அரிசி அனுப்ப இந்தியா ஒப்புக்கொண்டது, அப்புறம் 50,000 டன் என்று அளவும் வந்தது. அதற்கும் ஒரு சின்ன மடல் போயிற்று. பச்சரிசித் தடை நீங்கியது 2024 செப்டம்பர் 28 அன்று. அதற்குள் எங்கள் பட்டியலில் கேட்காமலே தானாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர்.

தலைப்பு வரியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, ஆங்கில வழிகாட்டிகள் எதிலும் அது இருக்காது. போன் திரையில் தலைப்பு வரியில் முப்பது நாற்பது எழுத்துக்கு மேல் தெரியாது. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடும், வால் அறுந்தாலும் விஷயம் நிற்கும். நமக்கு வினை கடைசியில் வருகிறது, எதிர்மறையும் அந்த வினையோடு ஒட்டிக்கொண்டு கடைசியில்தான் வருகிறது. 'ஜனவரி 1 முதல் உங்கள் பொருள் சேவை வரிப் பதிவு விவரங்களை மாற்ற வேண்டியதில்லை' என்று ஒருவர் எழுதினால் போனில் தெரிவது 'ஜனவரி 1 முதல் உங்கள் பொருள் சேவை வரிப் பதிவு' வரைதான். மாற்ற வேண்டுமா, வேண்டாமா? பாவம், அவருக்குத் தெரியாது. அதனால் தமிழ்த் தலைப்பு வரியை எழுதியதும் நான் செய்வது, பின்பாதியைக் கையால் மறைத்துவிட்டுப் படிப்பது. மறைத்த பிறகும் வினை தெரிகிறதா? தெரியாவிட்டால் வாக்கியத்தை உடைக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று சொல்லில் முடிய வேண்டும். 'புழுங்கல் விலை ஏறுகிறது, செப்டம்பர் முதல்' என்று தேதியைப் பின்னால் தள்ளலாம், பேச்சில் நாம் அப்படித்தானே சொல்கிறோம். 'வேண்டாம்: பழைய விலைச்சீட்டு' என்று வினையைத் தூக்கி முன்னால் வைப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது, சுவரொட்டி மாதிரி இருக்கிறது.

தலைப்பு வரிக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு வரி தெரியும், கவனித்திருப்பீர்கள். அது மடலின் முதல் வரி. பாதி நிறுவனங்களின் மடலில் அந்த இடத்தில் 'இந்த மடல் சரியாகத் தெரியவில்லையா? இங்கே தட்டுங்கள்' என்று இருக்கிறது. மீதிப் பாதியில் 'அன்புடையீர், வணக்கம்.' இலவசமாகக் கிடைத்த இரண்டாவது தலைப்பு வரி அது, அதை வீணாக்க எனக்கு மனசு வராது. வணக்கம் சொல்லுங்கள், நம் ஆட்கள் வணக்கம் இல்லாமல் ஆரம்பித்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அதே வரியிலேயே விஷயத்தையும் ஆரம்பித்துவிடுங்கள்.

2024 ஜனவரி 1 முதல் ஜிஎஸ்டி, அதாவது பொருள் சேவை வரி, 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது நினைவிருக்கும். கணக்கு அலுவலகத்துக்கு அது பெரிய மடல். அலுவலகத்தில் முதலில் எழுதி வைத்திருந்த வரைவு நீளமாக, சட்டத்தின் எல்லா மூலை முடுக்கையும் தொட்டுக்கொண்டு போயிற்று, எல்லாம் சரியான தகவல்தான். நான் கேட்டது ஒன்று: நம் பட்டியலில் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவர்கள் எத்தனை பேர், செய்யாதவர்கள் எத்தனை பேர்? ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நம் ஆட்கள் நடத்துகிற முடி திருத்தும் கடை, பூக்கடை, தையல் கடை பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழேதான். பட்டியலை இரண்டாகப் பிரித்தோம். பதிவு செய்யாதவர்களுக்குப் போன மடல் இவ்வளவுதான்: 'ஜிஎஸ்டி 9 ஆவதால் நீங்கள் எந்தப் படிவமும் நிரப்ப வேண்டியதில்லை. பதிவு செய்யாத கடை வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி என்று சொல்லி வசூலிக்கக் கூடாது, ஒரு காசுகூட. உங்களுக்குச் சரக்குப் போடுகிறவர்களின் விலை கொஞ்சம் ஏறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.'

பதிவு செய்தவர்களுக்கு வேறு. அவர்களுக்கு முதலில் செய்ய வேண்டிய வேலை விலை அட்டை. இங்கே கடையில் காட்டுகிற விலை ஜிஎஸ்டி சேர்ந்த விலையாக இருக்க வேண்டும். சேவைக் கட்டணம் வாங்குகிற உணவகங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் மட்டும் அதில் விலக்கு. அப்படியென்றால் சேவைக் கட்டணம் வாங்காத சாப்பாட்டுக் கடைக்காரர் டிசம்பர் 31 இரவு கடையைச் சாத்திய பிறகு சுவரில் இருக்கிற மெனு பலகையை மாற்றியாக வேண்டும், இல்லை ஒரு விழுக்காட்டைத் தன் கையிலிருந்து போட வேண்டும். தலைப்பு வரி: 'டிசம்பர் 31 இரவு விலை அட்டையை மாற்றுங்கள்'. நீளம்தான், ஆனால் தேதியும் இரவும் முன்னால் இருப்பதால் அறுந்தாலும் அவசரம் புரியும். இதற்கு வந்த பதில்களில் பாதி, "எங்களுக்குச் சேவைக் கட்டணம் உண்டு, எங்களுக்கும் இது பொருந்துமா?" என்று. அந்தக் கேள்வியிலிருந்து அடுத்த மடல் பிறந்தது.

பட்டியலைப் பிரிப்பது என்றால் பெரிய மென்பொருள் வேண்டும் என்று நினைக்கிறார்கள். ஒரு எக்செல் தாளில் ஒரு நெடுவரிசை கூடுதலாகப் போட்டால் போதும். பதிவு உண்டு, இல்லை. உணவகம், மளிகை. பத்து வகையாகப் பிரித்துப் பத்து மடல் எழுத நம்மிடம் ஆளும் இல்லை, தேவையும் இல்லை.

அடுத்தது மொழி. உணவக முதலாளி தமிழில் படிப்பார். அவர் மகள் ஆங்கிலத்தில்தான் படிப்பார். கணக்கைப் பார்க்கிற பெண்மணி சீனர். மடல் இந்த மூவரிடமும் போகப்போகிறது. அதனால் மேலே தமிழில் முழுதாகவும், கீழே ஆங்கிலத்தில் மூன்று நான்கு வரியில் சாரமும் வைக்கிறோம், பொருள் பெயர்களை மட்டும் விலைப்பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே. இரண்டையும் பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு வைப்பது கணினியில் அழகாக இருக்கும், போனில் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிடும். தமிழில் மடல் அனுப்பினால் கட்டம் கட்டமாகத் தெரியுமே என்று இன்னும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 1997 மே மாதம் தமிழ் இணைய மாநாடு இதே சிங்கப்பூரில்தான் நடந்தது, தமிழை இணையத்தில் ஏற்ற நா. கோவிந்தசாமி இங்கிருந்துதான் உழைத்தார். ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு என்று அவர்கள் பட்ட பாட்டில் நூறில் ஒரு பங்குகூட நமக்கு இன்று இல்லை. யூனிகோடில் அடித்தால் எல்லாப் போனிலும் தெரியும். அச்சகத்திலிருந்து வருகிற, பாமினி என்ற பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து வெட்டி ஒட்டாமல் இருந்தால் சரி.

ஒரே ஒரு தொழில்நுட்ப விஷயம் மட்டும் தமிழுக்கென்று இருக்கிறது. யூனிகோடில் (யூடிஎஃப்-8) ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் 'க' மூன்று பைட், 'கா' என்றால் ஆறு. ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேல் போகிற மடலை நடுவில் வெட்டிவிட்டு, 'முழு மடலையும் பார்க்க' என்று ஒரு இணைப்பைக் கொடுக்கும். நீளமான தமிழ் மடல், அதோடு கனமான வடிவமைப்பு என்றால் இந்த வெட்டு சீக்கிரம் விழும். வெட்டு விழுந்தால் போவது அடிப்பகுதி, அதாவது முதலாளியின் போன் எண்ணும், 'இந்தப் பட்டியலிலிருந்து விலக' என்ற இணைப்பும். விலக நினைக்கிறவர் அந்த இணைப்பைத் தேடுவார், காணோம், உடனே 'ஸ்பேம்' பொத்தானை அழுத்துவார். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. விலகினால் ஒரு வாசகர் போகிறார். ஸ்பேம் என்று அழுத்தினால் மற்ற எல்லாருக்கும் நம் மடல் போய்ச் சேருவதே சந்தேகமாகிவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மடலுக்கு மேல் அனுப்பினால் மடல் நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிப்படுத்துகிற எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஏற்பாடுகள் மூன்றும் இருக்க வேண்டும், ஒரே தட்டில் விலகும் வசதி இருக்க வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. நாம் அவ்வளவு அனுப்புவதில்லை என்று விட்டுவிடாதீர்கள், எஸ்பிஎஃப்போ டிகிமோ ஒன்றாவது சின்ன அனுப்புநருக்கும் வேண்டும். டொமைன் வாங்கிக் கொடுத்தவரிடம் இந்த மூன்று பெயரையும் சொன்னால் அவர் செய்து கொடுப்பார்.

சிங்கப்பூரின் சட்டமும் இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் ஸ்பேம் கட்டுப்பாட்டுச் சட்டம். கேட்காதவர்களுக்கு மொத்தமாக விளம்பர மடல் அனுப்பினால் தலைப்பு வரியின் தொடக்கத்தில் '<ADV>' என்ற ஆங்கில எழுத்து அடையாளம் போட வேண்டும், விலகும் வழி இருக்க வேண்டும், விலகக் கேட்டவருக்குப் பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும். 24 மணி நேரத்தில் நூற்றுக்கு மேல் போனாலே அது 'மொத்தம்' என்ற கணக்கில் வந்துவிடும், பலருக்கு இது தெரியாது. தீபாவளி விருந்திலும் வர்த்தகச் சபைக் கூட்டத்திலும் வாங்கிய பெயர் அட்டைகளை எல்லாம் பட்டியலில் ஏற்றிவிடுகிறார்கள். வேலை தொடர்பான அட்டை, தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடிக்குள் அவ்வளவாக வராது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த மனிதர் உங்களிடம் அட்டை கொடுத்தது போன் பண்ணுவதற்கு. 'அன்று சந்தித்தோமே, மாதம் ஒருமுறை அரிசி, பருப்பு விலை நிலவரம் எழுதுகிறோம், அனுப்பட்டுமா?' என்று தனியாக ஒரு வரி கேட்டுவிட்டுச் சேருங்கள். பட்டியல் சின்னதாகும், பதில் கூடும்.

இந்தத் தொல்லைக்கு வயது அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1978 மே 3 அன்று டிஇசி என்ற கணினி நிறுவனத்தின் கேரி தூர்க், இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார், புதுக் கணினியை வந்து பாருங்கள் என்று. யாரும் அவரிடம் கேட்கவில்லை. ஸ்பேம் என்ற பெயர் வருவதற்கு முன்பே வந்த முதல் ஸ்பேம் அதுதான் என்கிறார்கள், அதுவும் ஒரு வியாபார மடல்தான்.

சுவரொட்டி மடல் என்று ஒன்று நம்மவர்களிடம் பெரிய வழக்கமாகிவிட்டது. குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், நடுவில் முதலாளியின் படம், அதற்குக் கீழே சலுகை விவரம், எல்லாம் ஒரே படக்கோப்பு. அவுட்லுக் பல அலுவலகங்களில் படத்தைத் தானாகக் காட்டாது, வெறும் சிவப்புப் பெருக்கல் குறியோடு காலிக் கட்டம்தான் தெரியும். தெரிந்தாலும் அதில் உள்ள விலையைத் தேட முடியாது, போனில் படிக்க விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்க வேண்டும். தீபாவளி வாழ்த்துக்குப் படம் போடுங்கள், அழகாகவே போடுங்கள். ஆனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் முறுக்கு மாவும் நெய்யும் எந்தத் தேதிக்குள் ஆர்டர் கொடுக்க வேண்டும், கடைசி லாரி எப்போது என்பதை எழுத்தில் எழுதுங்கள். அந்த வாரம் கடைக்காரர் தேடுவது அதைத்தான்.

கடைசியாக, அனுப்புகிறவரின் பெயர். நிறுவனப் பெயர் மட்டும் போடாமல் ஒரு மனிதரின் பெயரைச் சேருங்கள், வாசகருக்குத் தெரிந்த மனிதராக இருந்தால் இன்னும் நல்லது. 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று சொல்கிற நோ-ரிப்ளை முகவரியை நான் எந்த நிறுவனத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை. சரக்கு வாங்குகிற மனிதரிடம் போய், நான் பேசுவேன், நீ பேசாதே என்று யார் சொல்வார்கள்? பதில் வருகிற முகவரி வேண்டும், அதை யாராவது பார்க்க வேண்டும், மடலின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி வேண்டும். 'உங்கள் கருத்துகளை வரவேற்கிறோம்' என்றால் ஒருவரும் எழுத மாட்டார்கள். 'உங்கள் கடையில் பொன்னி அதிகம் போகிறதா, சோனா மசூரியா?' என்றால் எழுதுவார்கள், அதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம், நடுவில் வேறு புகாரும் ஒன்று சேர்ந்து வரும், அந்தப் புகார்தான் பல சமயம் தங்கம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு, புதிதாக மடல் ஆரம்பிக்கிற முதலாளியிடம் நான் முதலிலேயே சொல்லிவிடுவது. கேள்வி கேட்டால் வருகிற பதிலுக்கு அன்றே, அதிகபட்சம் மறுநாள் மதியத்துக்குள், நீங்கள் பதில் போட வேண்டும், "சரிண்ணே, பார்க்கிறேன்" என்றாவது. அதற்கு நேரம் இல்லை என்றால் வாரா வாரம் எழுத வேண்டாம். ஜிஎஸ்டி கணக்கைக் காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்கிறோம் இல்லையா, அந்த மாதிரி மூன்று மாதத்துக்கு ஒரு மடல் அனுப்புங்கள், வருகிற பதில்களைப் படிக்க அந்த வாரத்தில் ஒரு மதியத்தை ஒதுக்கி வையுங்கள்.